நான் முறுக்கிய நட்டு

மாப்ளே,

நேற்று மத்தியானம் உன் பெண்டாட்டி வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையிலிருந்த தீவனச் சாக்கை வாசற்படியில் இறக்கிவைத்தாள். "இத உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லிட்டே இருந்தாருங்கண்ணா" என்றாள். சாக்கின் வாயை அவிழ்த்ததும் பழைய கிரீஸ் வாசம் வந்தது. அதற்கடியில் லேசாகப் புளித்த கிழங்குமாவு வாசம். பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, உள்ளே இருப்பது நம் சக்கரப்பலகை என்று.

"இன்னொண்ணும் சொன்னாருங்க. முறுக்காம வெச்சுக்கச் சொல்லுன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க. ஊட்டுல வேல கெடக்குது, வாரேனுங்க."

அவள் தெருமுனை திரும்பும் வரை நின்றுகொண்டிருந்தேன். எனக்கு விளங்கிவிட்டது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். வயதாகிவிட்டது, இனியும் இதைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்பில்லை.

எண்பதுகளின் ஆரம்பம் அது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நாம் இருவரும் ஃபிட்டர்கள். ஒரே வயது, ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அங்கே ஒரு சட்டம் இருந்தது. நட்டை முறுக்கியவன் அதன்மேல் தன் நிறப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும், நட்டின் மேலிருந்து போல்ட்டின் முனை வரை ஒரே இழுப்பாக. நட்டு அசைந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். முறுக்கியது யார் என்பதையும் நிறம் சொல்லிவிடும். உனக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சள். முதலாளி கையில் டார்ச்சோடு லாரிக்கடியில் படுத்து ஒவ்வொரு கோடாகப் பார்ப்பார். நட்டு லூசாக இருந்தால் நம் தலையில் குட்டு விழும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த பேரிங்கைச் சுற்றியிருந்த காகிதத்தில்தான் அந்தப் படத்தைப் பார்த்தாய். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையின் பக்கம். தலைமுடி வளர்த்த ஒருத்தன் வெறுங்காலோடு சக்கரம் வைத்த பலகைமேல் நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். "இவனப் பாருடா, ஸ்டீரிங்கே இல்லாம வளைக்கறான்" என்றாய். மற்றவர்கள் சிரித்தார்கள். நீ காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் ஆறு மாதம் என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றாய். செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் காலில் கட்டிக்கொண்டு ஓடும் சக்கரச் செருப்பு ஒன்று கிடைத்தது. அதை இரண்டாக அறுத்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று வைத்தோம். பலகைக்கு நான்தான் யோசனை சொன்னேன். லாரித் தளத்துக்குப் போடும் வேங்கைப் பலகை, ஒன்றரை அங்குலக் கனம். லாரிக்காரன் புத்தி வேறெங்கே போகும்? அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. "இதுல பத்து டன் நெல்லு ஏத்தலாம், ஆள் ஏற முடியாது" என்று நீ கேலி செய்தாய். கடைசியில் பழைய பஸ் சீட்டின் முதுகுப்பலகையைக் கொண்டுவந்தாய். வளைந்த பிளைவுட், கனமே இல்லை, வால்பக்கம் தானாகவே நிமிர்ந்திருந்தது. கால் வழுக்காமலிருக்க மேலே உப்புத்தாள் ஒட்டினோம். இரும்புச் சக்கரம் சிமென்ட்டில் வழுக்கியது, ரப்பர் சக்கரம் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. லேத்தில் நைலான் உருளையைக் கடைந்து போட்டதும் ஓட ஆரம்பித்தது.

ஓடியதே தவிர வளையவில்லை. அச்சுக்கு நடுவில் ஒரு ரப்பர் வட்டு, அதை அமுக்கிப் பிடிக்க ஒரு நட்டு. நான் வழக்கம்போலத் தம் பிடித்து முறுக்கியிருந்தேன். அச்சு சாயவே வழியில்லை. நீ அரைச் சுற்று தளர்த்திப் பார்த்தாய், பிறகு கால் சுற்று. எவ்வளவு தளர்த்தினால் ரப்பர் இளகும், எவ்வளவுக்கு மேல் போனால் சக்கரம் ஆடும் என்று ஒரு மாதம் தேடினாய். ஆடும் நட்டைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். "லூசா இருக்கறது தப்பில்லடா. எவ்வளவு லூசுன்னு தெரியாம இருக்கறதுதான் தப்பு" என்பாய்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் உன் மாமா வாட்ச்மேனாக இருந்த சேகோ ஆலையின் களம்தான் நம் மைதானம். ஜவ்வரிசி காயப்போடும் களம், கண்ணுக்கெட்டிய தூரம் வழவழவென்று சிமென்ட். மழைக்காலத்தில் ஆலை நின்றுவிடும், களம் காலியாகக் கிடக்கும். ஒரு பக்கம் சரிந்து இறங்கி, கிழங்கு கழுவும் தொட்டியின் கட்டைச் சுவரில் போய் முடியும். சுவருக்கு முன்னால் வளைந்தாக வேண்டும்.

நீ எத்தனை முறை விழுந்தாய் என்று நான் எண்ணவில்லை. முழங்கையில் தோல் என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. வாலை மிதித்து முன்சக்கரத்தைத் தூக்கக் கற்றாய். தூக்கியபடியே ஒரு முழுச் சுற்று சுற்றினாய், அதற்குச் செக்கு என்று பேர் வைத்தோம். இரண்டு மூட்டைக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கயிறு கட்டி, பலகை கயிற்றுக்கடியில் ஓட நீ கயிற்றைத் தாண்டி மறுபடி பலகைமேலேயே இறங்கியது ஐப்பசியில். அன்று உன் மாமா டீயைக் கீழே வைத்துவிட்டு, "அட சாமி, கால்ல பசை கிசை தடவியிருக்கறானா?" என்றார். நான் ஏறினால் மூட்டை ஏறிய மாதிரிதான், பத்தடி போய் நின்றுவிடும்.

ராணுவத்துக்குச் சேலத்தில் ஆள் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. நீ சின்ன வயதிலிருந்து காத்திருந்தது அதற்குத்தான். விடியும் முன் எருமப்பட்டி சாலையில் ஓடுவாய், பட்டறைக்கு வரும்போதே சட்டை நனைந்திருக்கும். நெஞ்சளவு சரி, உயரம் சரி, ஓட்டத்தில் உன்னை அடிக்க ஆளில்லை. இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. "போறதுக்கு முன்னால ஒருக்கா மேலிருந்து கடைசிவரைக்கும் எறங்கி, சுவத்துகிட்ட வளைச்சுப் பாத்துரோணும்" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மாமாவோடு பேசிக்கொண்டிருந்தாய். பலகையைக் கவிழ்த்துப் பார்த்தேன். முன் நட்டு ஆடியது. அதைத் தொடாதே என்று நீ சொல்லியிருந்தாய், எனக்கு ஞாபகமும் இருந்தது. ஆனால் இவ்வளவு வேகத்தில் கழன்றுகொண்டால் உன் கதி என்ன என்று பயம். ஸ்பேனரை எடுத்து முழுசாக முறுக்கிவிட்டேன். கை பழக்கத்தில் பையிலிருந்த பெயின்ட் டப்பியைத் திறந்து கோடும் இழுத்துவிட்டேன்.

நீ மேலிருந்து இறங்கினாய். சுவருக்கு முன்னால் சாய்ந்தாய். பலகை சாயவில்லை, நேராகப் போனது. உன் வலது கணுக்கால் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பயத்தால் முறுக்கினேன் என்று மேலே எழுதியது உண்மைதான். முழு உண்மையா என்று தெரியவில்லை. நீ போய்விட்டால் பட்டறையில் நான் தனியாள் என்ற நினைப்பு அந்த மாதம் முழுக்க என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஸ்பேனரைப் பிடித்த கையில் அதுவும் இருந்ததா? இதையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டேன் மாப்ளே.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். உன் அப்பா கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள், "களத்துல ஜவ்வரிசி கெடந்துச்சுங்கப்பா, சக்கரம் ஏறி வழுக்கிருச்சு" என்று நீ சொன்னாய். ஆலை நின்று ஒன்றரை மாதம், களத்தில் ஏது ஜவ்வரிசி? உனக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. பலகையை நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய்.

எலும்பு சற்றுக் கோணலாகக் கூடியது. ஓட்டம் போயிற்று. சேலத்தில் ஆள் எடுத்த அன்று நீ கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். பட்டறைக்குத் திரும்பி வந்தபின் உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் உனக்கு, மேலே ஏறுகிற வேலையெல்லாம் எனக்கு என்று ஆயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஆயிரக்கணக்கில் டீ சேர்ந்து குடித்திருப்போம். ஒவ்வொரு டீயிலும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். மழைக்கு உன் கால் வலிக்கும்போது தைலம் வாங்கி வந்தேனே தவிர, வாய் வரவில்லை.

நேற்று சாயங்காலம் பலகையைத் துடைத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். முன் நட்டில் என் மஞ்சள் கோடு இருந்தது. இரண்டாகப் பிரிந்து, நட்டில் பாதி, போல்ட்டில் பாதி. நட்டு முக்கால் சுற்று தளர்ந்திருந்தது. தானாகக் கழன்றதாக்கும் என்று நினைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன். தளர்ந்த அந்த இடத்தில், நட்டிலிருந்து போல்ட் வரை, பிரியாமல் ஒரு சிவப்புக் கோடு. என் மஞ்சளைப் போலவே அதுவும் வெளுத்து வெடித்திருந்தது. ஒரே காலத்துப் பெயின்ட். மாவுக்கட்டுக் காலோடு உட்கார்ந்து, நீ அதைப் பழைய அளவுக்குத் தளர்த்தி உன் கோட்டைப் போட்டிருக்கிறாய். அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என்னோடு அத்தனை டீயும் குடித்திருக்கிறாய்.

கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கட்டைவிரலால் நட்டை அசைத்துப் பார்த்தேன், ஆடியது. இந்த வயதிலும் கை அரித்தது. உள்ளே போய் ஸ்பேனரை எடுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.