கேட்காத எண்பத்தெட்டு வீடுகள்

வேங்கிக்கால்,
4.3.2024

என் கஸ்தூரிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? மூன்று வாரமாக உன் போன் மணியடித்து அடங்குகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் நீ திறந்து பார்க்கவில்லை. என்ன கோபமோ தெரியவில்லை. போனை எடுக்காதவள் தபாலையாவது பிரிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நல்ல சேதி. பிஎச்.டி. வைவா முடிந்தது. இனி உன் தோழி டாக்டர் ரேவதி. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர், "முந்நூறு வீட்டுக்கும் நேர்ல போய்க் கேட்டிருக்கீங்க, இந்த உழைப்பு இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கத்திரி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனவள் நீ. எந்த வீட்டில் பெண்கள் எதுவரை படித்திருக்கிறார்கள், காய்ச்சலுக்கு என்ன இலை அரைக்கிறார்கள், சர்க்கரைக்கு என்ன கஷாயம், எந்த நிலைமை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதியது உன் கை.

ஆய்வேட்டின் பிரதி ஒன்று இத்துடன் வருகிறது. நன்றியுரையைப் பார். "கள ஆய்வு முழுவதையும் செய்துதந்த என் தோழி கஸ்தூரி" என்று போட்டிருக்கிறேன். தென்றலிடம் காட்டு. எட்டாவது படிக்கிறவள், அம்மா பெயரைப் புத்தகத்தில் பார்க்கட்டும்.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சின்னதாக ஒரு சாப்பாடு. உன்னையும் மாறன் அண்ணனையும் ஜோடியாகக் கட்டாயம் வரச் சொல்கிறார் என் வீட்டுக்காரர் முருகவேல். வராவிட்டால் நானும் உன் வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன், பார்த்துக்கொள்.

என்றும் உன்
ரேவதி


கீழ்பென்னாத்தூர்,
20.3.2024

அன்பு ரேவதிக்கு,

உன் கடிதமும் புத்தகமும் வந்தன. பட்டம் வாங்கியதில் எனக்கும் பெருமைதான். சாப்பாட்டுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வந்திருந்தால் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்க என்னால் முடிந்திருக்காது.

மோட்டூர் உனக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் ஊரிலிருந்து ஏரிக்கரையோடு மூன்று கிலோமீட்டர். புதன்கிழமைதோறும், உன் ஆய்வுக்கு உதவிய அறக்கட்டளையின் மருத்துவ வேன் அங்கே வரும். போன செப்டம்பரோடு அது நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் போய்க் கேட்டதற்கு, நீ கொடுத்த சுருக்க அறிக்கையைக் காட்டினார்களாம். "உங்க ஊர்ல எண்பத்தெட்டு வீட்ல எழுபத்தொன்பது வீடு மூலிகையே போதும்னு சொல்லியிருக்கீங்களே" என்றார்களாம். வேன் வேறு ஊருக்குப் போய்விட்டது. மோட்டூருக்கு இருபது தொட்டியில் மூலிகைச் செடியும் "மூலிகை கிராமம்" என்று ஒரு பலகையும் கிடைத்தன.

அந்த அறிக்கையிலும் என் பெயர் இருக்கிறது. "கஸ்தூரி டீச்சர்தான் எழுதிக் குடுத்துட்டாங்க" என்று ஊரே பேசுகிறது. என் மாலை வகுப்புக்கு மோட்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த பதினோரு பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள்.

மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது நான் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டோடு நிறுத்திக்கொண்டேன். மோட்டூருக்கு நான் போகவே இல்லை. நீ யாரை அனுப்பினாய், ரேவதி? அதை மட்டும் எழுது.

அன்புடன்
கஸ்தூரி


வேங்கிக்கால்,
28.3.2024

அன்புள்ள கஸ்தூரிக்கு,

இவ்வளவு நடந்திருக்கிறது, நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

நீ நிறுத்திய பிறகு என் கல்லூரி வகுப்புப் பிள்ளைகள் கோபி, பூஜா இரண்டு பேரையும் அனுப்பினேன். ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். சனங்கள் சொன்னதைத்தான் எழுதியிருப்பார்கள். இன்றைக்கு ஒன்று சொல்லிவிட்டு நாளைக்கு வேறு பேசுவது உண்டுதானே? வேனை நிறுத்தச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை. ஆய்வு முடிவை வைத்து யாரோ எடுத்த முடிவுக்கு நானோ நீயோ என்ன செய்ய முடியும்?

இருந்தாலும் அறக்கட்டளையில் பேசிப் பார்க்கிறேன். பங்குனிப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் நாலு நாளாக ஊருக்குள் பஸ் ஏறவே முடியவில்லை. அடுத்த வாரம் அவசியம் போகிறேன். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன்
ரேவதி


கீழ்பென்னாத்தூர்,
15.4.2024

ரேவதிக்கு,

உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மோட்டூருக்குப் போனேன். பின்னிணைப்பில் பெயர் பெயராகப் போட்டிருக்கிறாயே, அதை வைத்து ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். கோபியும் வரவில்லை, பூஜாவும் வரவில்லை. யாருமே வரவில்லை என்கிறார்கள்.

சந்திரம்மாள் வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிக்கக் கூலிக்குப் போகிறவள். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் கட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் கவர்.

"மூணு வெரல எடுத்துட்டாங்க டீச்சர். பெருவெரலு தப்பிச்சிச்சு, அதுவே சாமி புண்ணியம்னு டாக்டர் சொன்னாரு" என்றாள்.

நான் புத்தகத்தைப் பிரித்துப் படித்தேன். "சந்திரம்மாள், வயது 52. நோய்: சர்க்கரை. மருந்து: ஆவாரம்பூ கஷாயம். ஆங்கில மருந்து: எடுப்பதில்லை. மனநிலை: முழு நிறைவு."

அவள் என்னையே பார்த்தாள். "நானா சொன்னேன்? புதங்கெழம புதங்கெழம வேன்ல மாத்தர வாங்கினு இருந்தேன் டீச்சர். அது நின்னுபோச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா ரோட்டு வரைக்கும் நடக்கணும், ஒருநாள் வேல போவும். செடி குடுத்தாங்களேன்னு அப்புறந்தான் ஆவாரம்பூவ காய்ச்சிக் குடிச்சேன். கால்ல முள்ளு குத்தினதே தெர்ல. புண்ணு சீழ் வெச்சப்புறந்தான் பார்த்தேன்."

அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது அப்போது பொய். அந்தக் காகிதத்தாலேயே அது பிறகு உண்மையாகிவிட்டது.

இன்னொன்று. பட்டியலில் ஆதிமூலம் என்று ஒருவர் இருக்கிறார், வயது எழுபத்தொன்று. ஜூன் பதினொன்றாம் தேதி அவரைக் கேட்டதாகப் போட்டிருக்கிறது. அந்த வருஷம் தை மாதமே அவர் இறந்துவிட்டார். இறந்தவரும் முழு நிறைவாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நீயேதான் எழுதினாயா?

கஸ்தூரி


வேங்கிக்கால்,
22.4.2024

கஸ்தூரி,

ஆமாம். நானேதான்.

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து, எழுந்து, சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன். எப்படி எழுதினாலும் அது நல்லவிதமாகத் தெரியாது என்று புரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஆய்வேட்டை ஒப்படைக்க நாள் நெருங்கிவிட்டது. முந்நூறு வீடு என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். குறைத்தால் கைடு மறுபடி ஆறு மாதம் இழுத்தடிப்பார் என்ற பயம். மோட்டூர் வாக்காளர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் எடுத்தேன். பழைய பட்டியல் என்றுகூடக் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். நீலப் பேனா கொஞ்சம், கறுப்புப் பேனா கொஞ்சம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் சர்க்கரை போட்டேன். உன் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒரு கஷாயம் சொல்லியிருந்தார்கள், மோட்டூரும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உன் வீடுகளில் கஷாயத்தோடு மாத்திரையும் சாப்பிட்டார்கள். அதை நான் விட்டுவிட்டேன். விட்டால்தான் முடிவு பளிச்சென்று வரும். ஒன்பது வீட்டுக்கு மட்டும் ஆஸ்பத்திரி என்று எழுதினேன். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகம் வரும் என்று.

முதல் பத்துப் படிவத்தை ஒவ்வொன்றாக யோசித்து எழுதினேன். நாற்பதைத் தாண்டிய பிறகு யோசிக்கக்கூட இல்லை. நடுவில் எழுந்து டீ போட்டுக் குடித்தேன்.

பிள்ளைகள் பெயரையும் இழுத்தேன். நேற்று பூஜா எதிரில் வந்து "குட்மார்னிங் மேம்" என்றாள். நான் போனைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். முருகவேலுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு எழுது என்றால் எழுதுகிறேன். பட்டம் போகும், வேலையும் போகும். அது வேண்டாம், வேனை மட்டும் திருப்பிக் கொண்டுவா என்றால் யார் காலில் விழுந்தாவது கொண்டுவருகிறேன். நீ சொல்.

ரேவதி


கீழ்பென்னாத்தூர்,
29.4.2024

ரேவதிக்கு,

நான் சொல்லமாட்டேன். நான் எழுது என்றால், என்னால்தான் உன் வேலை போயிற்று என்று ஒருநாள் நினைப்பாய். வேண்டாம் என்றால், கஸ்தூரியே விட்டுவிட்டாள் என்று நிம்மதியாகத் தூங்குவாய். இரண்டுக்கும் நான் ஆள் இல்லை.

என் பெயரை மட்டும் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடு.

கஸ்தூரி


வேங்கிக்கால்,
10.6.2024

கஸ்தூரிக்கு,

நீ பதில் எழுத வேண்டும் என்று இதை எழுதவில்லை. நடந்ததை நீ மற்றவர்கள் சொல்லிக் கேட்கக் கூடாது, அதற்காகத்தான்.

முதலில் முருகவேலிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா கால் இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல்தான் ஒரு மாதமாக என் பட்டத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். விசாரணை வைத்திருக்கிறார்கள். முடியும்வரை கல்லூரிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அறக்கட்டளையில் அந்த எண்பத்தெட்டும் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் திட்டவில்லை. "உங்களை நம்பித்தானே மேடம்" என்றார்கள். இந்த மாதத்திலிருந்து புதன்கிழமை வேன் மறுபடி மோட்டூருக்கு வரும்.

போன சனிக்கிழமை மோட்டூருக்குப் போனேன். ரோட்டில் இறங்கி நடந்தேன். அந்தத் தூரம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கஸ்தூரி இந்த ஊருக்கு வரவே இல்லை, எல்லாம் நான் என் வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்று சொன்னேன். பொன்னி என்று ஒரு பெண், "உன்னாட்டம் படிக்கணும்னுதான என் பொண்ண காலேஜுக்கு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

சந்திரம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். காலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே கட்டைப் பிரித்துக் காட்டினாள். ஆறிவருகிறது. நான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஏம்மா, என்னைய வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. நான் வூட்லதான இருந்தேன்" என்றாள்.

திரும்பத் திரும்ப அதையே கேட்டாள், கஸ்தூரி. திட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்கு அது புரியவில்லை.

உன் பெயரை எடுத்துவிடச் சொல்லியும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ரேவதி


கீழ்பென்னாத்தூர்,
18.6.2024

ரேவதி,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீ வந்துபோன பிறகு மோட்டூர் பிள்ளைகள் எட்டுப் பேர் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை சந்திரம்மாள் தன் மகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், உங்களப் போயி தப்பா பேசிட்டோம்" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் காலோடு வந்து கும்பிட்டாள்.

எனக்குப் போன வருஷமே தெரியும்.

ஜூலையில் நீ சுருக்க அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தாயே, அன்றைக்கே முதல் பக்கத்தில் முந்நூறு என்று பார்த்தேன். நான் எழுதியது இருநூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தைத் திருப்பினால் மோட்டூர். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? மூடி வைத்துவிட்டேன். அட்டையில் என் பெயர் இருந்தது. மாறன் அதைக் கடைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினார். நீ சொல்லித்தான் அறக்கட்டளை என் மாலை வகுப்பை நிரந்தரமாக்கியது. வாய் திறந்தால் எல்லாம் போகும் என்று தெரியும். செப்டம்பரில் வேன் நின்றபோது ஏன் நின்றது என்றும் தெரியும். அப்போதே அறக்கட்டளைக்கு ஒரு போன் போட்டிருந்தால் சந்திரம்மாள் விரல்கள் இருந்திருக்கும்.

ஊர் என்னைப் பேசத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. உன் போனை எடுக்காமல் இருந்தது உன் மேல் கோபத்தால் இல்லை. "யாரை அனுப்பினாய்" என்று தெரியாதவள்போல் கேட்டு எழுதினேன். நீ பொய் சொன்னால் என் தப்பு சின்னதாகத் தெரியும் என்று ஒரு ஆசை. நீ பொய்தான் சொன்னாய். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மோட்டூரில் நீ எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். என்னைச் சுத்தமானவளாக ஆக்கிவிட்டுப் போய்விட்டாய். அது நிற்காது. நாளைக்குப் புதன்கிழமை. வேன் வரும், ஊரே அங்கே இருக்கும். நான் போய்ச் சொல்லப்போகிறேன். முதலில் சந்திரம்மாளிடம்.

கூட வருகிறேன் என்று கிளம்பிவிடாதே. நீ தனியாகத்தானே நடந்து போனாய்.

கஸ்தூரி