கிளச் இல்லாமல் வந்த லொறி

என் அன்பு மச்சான் சேவியருக்கு,

நீ புளுகன் இல்லை. சுகம் விசாரிப்பதற்கு முன்னால் இதைத்தான் எழுத வேண்டும் என்று குலம் சொல்லிவிட்டான். என் சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் எழுதுவதைத் தலைகீழாக வாசித்துக்கொண்டிருக்கிறான். ஒரு எழுத்துப் பிழை கூடப் பிடித்துவிட்டான்.

உன்னை நாலு பேருக்கு முன்னால் நையாண்டி பண்ணினோம். மன்னிப்பையும் நாலு பேருக்கு முன்னால்தானே கேட்க வேண்டும்? அதனால் இதை நம் ஆட்களின் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறோம். உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். வாசிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் நீயும் நானும் குலமும் ஒரே முதலாளியிடம் லொறி ஓட்டிய றைவர்கள். ஒன்பது லொறி, ஒன்பதும் இங்கிலாந்துச் சாமான். கொமர் லொறி மைல் கணக்கில் தள்ளி வரும்போதே கத்தும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மாங்குளத்துக் கடைக்காரன் தேத்தண்ணி ஊற்றத் தொடங்குவான். அல்பியன் ஒவ்வொரு கியருக்கும் ஒரு முனகல் வைத்திருக்கும். லேலன்டின் ஸ்டியரிங்கை இழுத்து இழுத்து என் வலது தோள் இடதைவிடப் பெருத்து, தையல்காரன் எனக்கென்று சட்டையைத் தனியாக வெட்டினான். உன் கைக்கு வந்தது மூக்கு நீண்ட பெட்போர்ட். வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்குப் போவோம், சீமெந்து ஏற்றித் திரும்புவோம்.

பிறகு ஒவ்வொருவராக ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். நான் பாண் பேக்கரியில் பெட்டி அடுக்கினேன். குலம் டாக்ஸி. நீ தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டினாய். ஞாயிற்றுக்கிழமை நீ தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் ஸ்காபரோ பிளாசா கோப்பிக் கடையில் மூன்று பேரும் கூடுவோம். வாயாலேயே கியர் மாற்றுவோம். நீ ஒருநாள் கொமர் மாதிரிக் கத்த, கவுண்டரில் நின்ற பெண் அம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா?

அந்தக் கோப்பிக் கடையில்தான் உன் கதையும் வரும்.

"வவுனியாவில கிளச் பழுதாப் போட்டுது. யாழ்ப்பாணம் வரைக்கும் கிளச் இல்லாமலே கொண்டுவந்தனான்," என்பாய்.

"கிளீனர் எங்கை?" என்று குலம் தொடங்குவான்.

"காய்ச்சல் எண்டு வீட்டை அனுப்பிப்போட்டன்."

"சரி. முறிகண்டியில நிப்பாட்டினனியோ?"

"நிப்பாட்டினன்."

"கிளச் இல்லாத லொறியை, ஓடிக்கொண்டிருக்கிறதை, வேதக்காரன் நீ, பிள்ளையார் கோயிலடியில ஏன் நிப்பாட்டினனி?"

நீ கோப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாய். முறிகண்டியில் தேங்காய் உடைக்காமல் அந்த வீதியில் ஒரு லொறியும் போகாதுதான். மற்ற நாட்களில் நீயும் நிறுத்துகிறவன்தான். ஆனால் அன்றைக்கு, நிறுத்தினால் திரும்ப எடுப்பதே பெரும்பாடான அந்த நிலைமையில்? கதை பொய் என்பதற்கு எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. 'கிளச்சில்லாச் சேவியர்' என்று உனக்குப் பெயர் வைத்தோம். நீ லொறியை எப்படி எடுத்தாய், எப்படி நிறுத்தினாய் என்று நீ சொன்னதையெல்லாம் குலம் உன் குரலிலேயே நடித்துக் காட்டுவான். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

உன் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளிலும் குலம் அதை நடித்தான். வீடே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதன் பிறகு மூன்று ஞாயிறு நீ கோப்பிக் கடைக்கு வரவில்லை. நான் தொலைபேசி எடுத்தபோது நீ கேட்டாய்: "தில்லை, நீயும் என்னைப் புளுகன் எண்டுதான் நினைக்கிறியோ?"

"சும்மா பகிடிதானே மச்சான்," என்றேன்.

அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரியான பதிலைப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த மாசிப் பனியில் உன் இதயம் நின்றுபோயிற்று. இரண்டு வருஷமாக அந்தக் கேள்வி என் காதில் அப்படியே கிடந்தது.

இனிச் சந்தோஷமான செய்திக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, குலம் காலையிலேயே வந்து ஹோர்ன் அடித்தான். "வெளிக்கிடு தில்லை. விட்பிக்கு மேலால ஒரு ஊரில சந்தையாம். பழைய வாகனங்களை வரிசையில விட்டிருக்கினமாம். அதில ஒரு பெட்போர்ட் நிக்குதெண்டு டாக்ஸியில வந்த ஆள் சொன்னது."

உண்மையாகவே நின்றது மச்சான். சுற்றிவர உழவு இயந்திரங்கள், நடுவிலே சிவப்புப் பெயின்ற் அடித்த பெட்போர்ட். உன்னுடையது மாதிரியே நீண்ட மூக்கு. நான் போய் மட்கார்ட்டைத் தடவினேன். குலம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு றேடியேற்றரை முகர்ந்து பார்த்தான்.

அதன் சொந்தக்காரர் ஆர்தர் என்ற எழுபத்தாறு வயது மனிதர். இளம் வயதில் இங்கிலாந்தில் நிலக்கரி ஏற்றி ஓட்டிய லொறியைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும்தானே? ஆனால் அல்பியனின் முனகலைச் செய்து காட்டியதும் அவர் விழுந்து சிரித்தார். பதிலுக்கு லேலன்ட் மாதிரி உறுமினார். அரை மணித்தியாலத்தில் மூன்று பேரும் சினேகிதர்.

மூன்று மணிக்கு அவர் ஓரிடத்துக்குப் போக வேண்டும் என்றார். பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி ஒரு முதியோர் இல்லம். மனைவி டொறத்தி இடுப்பு எலும்பு முறிந்து அங்கே இருக்கிறார். அன்று அவர்களுடைய திருமண நாள். ஐம்பது வருஷத்துக்கு முன் மணப்பெண்ணைத் தேவாலயத்திலிருந்து இந்த லொறியில்தான் ஏற்றி வந்தாராம். இன்றைக்கும் இதிலேயே வந்து நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஏறி உட்கார்ந்து கிளச்சை மிதித்தார். மிதிகட்டை தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, திரும்பி வரவில்லை. கீழே படுத்துப் பார்த்தேன். கிளச்சை இழுக்கும் தடி முறிந்து தொங்கியது. முன்னொருதரம் முறிந்தபோது தானே ஒட்டிய இடம் என்று ஆர்தர் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஒட்டிக் கொடுக்க யார் கடை திறந்திருப்பான்? டாக்ஸியில் கூட்டிப்போகிறோம் என்றோம். மனிதர் தலையை ஆட்டினார். டாக்ஸியில் போவதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லையே.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "கிளச் இல்லாமலும் ஓட்டலாம். எங்கள் கொம்பனியில் இரண்டு பேர் ஓட்டினார்கள். என் கை இப்போது நடுங்குகிறது, என்னால் முடியாது."

நான் குலத்தைப் பார்த்தேன். குலம் நிலத்தைப் பார்த்தான்.

"குலம், அவன் எப்பிடிச் சொன்னவன்? முதல்ல லொறியை எப்பிடி எடுக்கிறது?"

குலம் வாயைத் திறந்தான். உன் குரல் வந்தது மச்சான். இத்தனை வருஷம் பகிடி பண்ணிப் பண்ணி ஒரு சொல் விடாமல் மனப்பாடமாக இருந்தது அவனுக்கு. "எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு ஒண்டாம் கியரைப் போடு. பிறகு ஸ்டாட்டரை அமத்து. லொறி தவளை மாதிரிப் பாயும். பாயிற பாய்ச்சலில எஞ்சின் பிடிக்கும். அதுக்குப் பிறகு காலை மற, காதைத் தீட்டிக்கொள்."

வலது பக்க ஸ்டியரிங். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! ஆர்தர் என் இடப்பக்கம் ஏறினார். குலம் டாக்ஸியின் நான்கு லைட்டும் மின்ன முன்னால் போனான். ஸ்டாட்டரை அமத்தினேன். தவளைதான். ஆர்தரின் தொப்பி ஜன்னலால் பறந்தது. எஞ்சின் பிடித்தது. காலைத் தளர்த்தி, கியரை நடுவுக்கு இழுத்து, சத்தம் இறங்கும்வரை காத்திருந்து, நீ சொன்ன அந்த இடத்தில் இரண்டாம் கியரைத் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி போனதுபோலப் போயிற்று. 'சேவியர்' என்று உரக்கச் சொன்னேன். அது தமிழில் ஏதோ கியரின் பெயர் என்று ஆர்தர் நினைத்திருக்க வேண்டும். அடுத்த கியருக்கு அவரும் "சேவியர்!" என்று கத்தினார்.

ஆனால் உன் வீதியில் ஸ்டொப் சைன் கிடையாது. இங்கே சந்திக்குச் சந்தி ஒன்று. ஒவ்வொன்றிலும் நிறுத்தி, திரும்பத் தவளைப் பாய்ச்சல். மூன்றாவது சந்தியில் பற்றறி இளைத்து, ஸ்டாட்டர் 'டிக்' என்று மட்டும் சொன்னது. குலம் இறங்கி ஓடிவந்து பின்னால் தள்ளத் தொடங்கினான். கோட் சூட் போட்ட, பக்கத்துப் பண்ணைக் கமக்காரர் ஒருவர் தன் வாகனத்தை விட்டு இறங்கி, ஒன்றும் கேட்காமல் அவனுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். இருபது அடியில் இறக்கம். லொறி உருண்டதும் இரண்டாம் கியரைப் போட்டேன். பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தேன். குலமும் கமக்காரரும் நடு வீதியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

டொறத்தி சக்கர நாற்காலியில் வாசலிலேயே இருந்தார். ஆர்தர் ஹோர்னை அமத்திய அமத்தலில் இல்லத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. "இருபது நிமிஷம் பிந்திவிட்டாய்," என்றார் டொறத்தி. பிறகு என்னைப் பார்த்து, "வளைவில் வரும்போதே கேட்டேன். கியர் போடுவது இவர் இல்லை என்று தெரிந்தது. இவர் இவ்வளவு நன்றாகப் போட மாட்டார்."

டாக்ஸியில் திரும்பி வந்தோம். ஸ்காபரோவுக்குள் வந்ததும், "நேரா சரசுவிட்டைப் போவம்," என்றான் குலம்.

உன் பெண்சாதி சரசு இன்னும் டோர்செட் பார்க்கில் அதே ஆறாம் மாடியில்தான் இருக்கிறாள். உன் மகளும் அன்று வந்திருந்தாள். குலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னான்: "தங்கச்சி, நாங்கள் சேவியரைப் புளுகன் எண்டது பெரிய பிழை. கிளச் இல்லாமல் ஓடலாம். இண்டைக்குக் கண்ணால கண்டம்."

சரசு சிரித்தாள். "ஓடலாம் எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. நானும் அந்த லொறியிலதானே வந்தனான்."

"கலியாணத்துக்கு நீங்கள் பெரியம்மாவோட ரயிலில வந்தனீங்கள் எண்டெல்லோ சேவியர் சொன்னவன்? ரெண்டு வீடும் சம்மதம் எண்டு?" என்று கேட்டேன்.

"அது நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து சொன்ன புளுகு," என்றாள். "எங்கட வீட்டில வேதக்கார மாப்பிள்ளை வேண்டாம் எண்டிட்டினம். அண்டைக்கு விடிய அவர் கிளீனரை அனுப்பிப்போட்டு என்னை ஏத்தினவர். வவுனியா தாண்ட முன்னம் கிளச் பழுதாப் போட்டுது. பின்னால என்ர அண்ணன்மார் கார் பிடிச்சு வருகினம். நான் ஆருக்கும் தெரியாமல் கீழை குனிஞ்சு இருந்தன்."

குலம் மெல்லக் கேட்டான்: "அப்ப முறிகண்டி?"

"நான்தான் அழுதனான். கலியாணம் கட்டப் போறன், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் வரமாட்டன் எண்டு. அவர் நிப்பாட்டினார். தானே போய்த் தேங்காயும் வாங்கிக்கொண்டு வந்தவர்."

உன் மகள் சோபாவிலிருந்து எழும்பிவிட்டாள். "அம்மா! நீங்க அப்பாவோட ஓடிப்போனீங்களா? ஓ மை காட், வை டின்ட் யூ டெல் மீ?"

"நீங்கள் சிரிக்கிற நேரமெல்லாம், சொல்லுங்கோவன் எண்டு நான் அவருக்குச் சொல்லுவன்," என்றாள் சரசு. "அவர் கேக்கேல்லை. 'என்னைப் புளுகன் எண்டால் எண்டிட்டுப் போகட்டும். உன்ர பேரைக் கோப்பிக் கடையில ஒருத்தரும் எடுக்கக்கூடாது' எண்டிட்டார்."

ஆக, நீ புளுகியிருக்கிறாய்தான் மச்சான். நாங்கள் பிடித்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். வீட்டிலேயே சாட்சியை வைத்துக்கொண்டா அத்தனை ஞாயிறும் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? எங்கள் சிரிப்பை எப்படித் தாங்கினாய்? குலம் அப்படியே கதவடியில் உட்கார்ந்து அழுதான். சரசு அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து, "பத்திரிகையில எழுதுங்கோ அண்ணை. பேரையும் போடுங்கோ. எனக்கு இனி ஆரிட்டைப் பயம்?" என்றாள். அதனால்தான் அவள் பெயர் இங்கே இருக்கிறது.

நேற்று ஆர்தர் தொலைபேசி எடுத்தார். புதுத் தடி போட்டாயிற்றாம். அடுத்த வருஷச் சந்தை ஊர்வலத்தில் லொறியை நான்தான் ஓட்ட வேண்டுமாம். ஓம் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். அன்றைக்கு முன் சீற்றில் உன் சரசு இருப்பாள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, நிமிர்ந்து இருப்பாள். ஊர் முழுக்கப் பார்க்கட்டும். நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

நீ கேட்டதற்கு இரண்டு வருஷம் பிந்திப் பதில் எழுதும்,
உன் மச்சான்
தில்லை

(பக்கத்தில் குலமும்)