கிணற்றுக்குள் போன மான் தோல்

துவைக்க வைத்த குடத்தைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை முகத்தில் அடிக்கிறது. நீ போன பிறகுதான் அதை நம் தெருக் கிணற்றில் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்பா தூங்கிவிட்டார். பயந்து பயந்துதான் உனக்கு எழுதுகிறேன்.

பள்ளி வினாடி வினாவுக்கு நமக்கு வந்த தலைப்புகள் இரண்டு: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தண்ணீரால் பரவும் நோய்கள். கிணற்றடியில்தான் படித்தோம். பதில் தெரியாதவள் இரண்டு பேருக்கும் தண்ணீர் இறைக்க வேண்டும்.

"மான் தோலை வீட்டுல வச்சிருந்தா என்ன?" என்று அன்று கேட்டாய்.

சிறை. தெரியும். தெரியாது என்றேன்.

"ஏட்டி, எம்புட்டு தடவை எழுதிக் குடுத்தேன்! இறை, இறை!"

அதற்கு நாலு நாள் முன்புதான் வனத்துறை ஜீப் தெருமுனையில் வந்து நின்றது. ராஜபாளையத்துக்கு அனுப்ப அப்பா வைத்திருந்த பதப்படுத்தாத மான் தோல்கள், சாக்கில் கல்லோடு கட்டப்பட்டு அந்தக் கிணற்றுக்குள் போயின. "வெளிய சொன்னேன்னா அப்பா ஜெயிலுக்குப் போயிருவாரு" என்றாள் அம்மா. மறுநாள் முதல் எங்களுக்குக் குடிக்க மடவார் வளாகம் வரை போய்ப் பிடித்து வந்த குழாய்த் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் துவைக்க மட்டும்.

"மகாராணிக்குக் குழாய்த் தண்ணிதான் எறங்குமோ?" என்று கேலி செய்தாய். நான் இறைத்த வாளியில் இரண்டு கையும் ஏந்திக் குடித்தாய். "ஒரு மாதிரி இருக்குல்ல? மழையில கலங்கிருச்சு போல" என்றாய். எனக்குத் தாகமில்லை என்றேன்.

மூன்றாம் நாள் உனக்கும் தெருவில் பலருக்கும் வாந்திபேதி. படுக்கையில் விழுந்த மற்ற எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நீ மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வரவில்லை. தண்ணீர்தான் காரணம் என்று சுகாதாரத்துறையினர் சொல்லியும் தெரு கேட்கவில்லை. "அதே தண்ணியத்தான நாமளும் குடிச்சோம்? பழைய கருவாட்டுக் குழம்பை ஊத்துனா புள்ள என்னத்துக்கு ஆகும்?" என்று உன் அம்மாவின் காதுபடவே பேசுகிறார்கள். சாக்கு இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. அதன்மேல் பவுடரைப் போட்டுவிட்டு மறுபடி குடிக்கிறார்கள்.

இன்று சாயங்காலம் உன் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். அப்பாவும் கூடவே வந்து வாசலில் நின்றுகொண்டார். அத்தை என் கையைப் பிடித்தார்கள்.

"நீ படிக்கிற புள்ள. நெசத்தைச் சொல்லு தாயி. நான் ஊத்துன குழம்புதான அவளைக் கொன்னுச்சு?"

வாசலில் அப்பா செருமினார்.

"ஆமா அத்தை" என்றேன்.