அறுநூறு பேரின் நிசப்தம்

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு,

குடிநீர் வாரியத்தின் கசிவு கண்டறியும் பிரிவிலிருந்து எழுதுகிறேன். தங்கள் ஆலயத்தின் தரைக்கு அடியில், தெற்குச் சுவரிலிருந்து பீடம் வரைக்கும், நூறு வருஷப் பழைய இரும்புக் குழாய் ஒன்று போகிறது. முன்பு அது வெளிமுற்றத்தில் கிடந்தது. சபை பெருகி ஆலயத்தை நீட்டியபோது குழாயின் மேலேயே கட்டிவிட்டார்கள். அது எங்கோ உடைந்திருக்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது லாரித் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. மேட்டுக் குடியிருப்பில் நாலாயிரம் வீட்டுக் குழாய்களில் வெறும் காற்று வருகிறது. அங்கே புதிதாகத் திறந்த பிரசவ மருத்துவமனையில் நர்சுகள் வாளியிலிருந்து மொண்டுதான் கை கழுவுகிறார்கள்.

உடைந்த இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் ஒரே ஒரு குழி தோண்டினால் போதும். சொல்ல முடியாவிட்டால், மார்ச் முதல் வாரத்தில் தரை முழுவதையும் பெயர்க்க உத்தரவு தயாராக இருக்கிறது. ஆலயம் ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும்.

கண்டுபிடிக்க ஒரே வழி, தரையில் இரும்புக் கம்பியை ஊன்றி அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது. அதற்கு அமைதி வேண்டும். தங்கள் ஆலயத்துக்கு எதிரே இருபத்திரண்டு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. பகலில் பஸ்ஸும் காரும், இரவில் விடிய விடிய கான்கிரீட் லாரி. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் அங்கே வேலையும் நிற்கிறது, சாலையும் ஓய்கிறது. ஞாயிறு காலை எட்டு முதல் ஒன்பது வரை. மார்ச் இரண்டாம் தேதி அந்த நேரத்தில் ஆராதனையை ரத்து செய்து ஆலயத்தை எங்களிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உதவிப் பொறியாளர்

பி.கு. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டையில் முடியும். அதனால்தான் கடிதம்.


பிப்ரவரி 14

அன்புள்ள கட்டெறும்புக்கு,

‘தாங்கள்’ என்று எழுதி என்னை ஒரேயடியாகக் கிழவனாக்கிவிட்டாய். பதினோரு வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் முழுக் கடிதம் இது. வருஷப் பிறப்புக்கு அனுப்பும் இரண்டு வரி வாழ்த்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நீ இந்த ஆலயத்தின் படியை மிதிக்கவில்லை. இப்போது மிதிக்க வருகிறாய், கையில் கம்பியோடு. உன் அண்ணிக்கு இதைக் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, ‘பின்குறிப்புதான் அவ’ என்றாள்.

ஆனால் கேட்டதைத் தர வழியில்லை. காலை எட்டு மணி ஆராதனைக்கு வருகிறவர்கள் யார் என்று உனக்குத் தெரியுமா? பஸ் டிரைவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், குப்பை வண்டி ஓட்டுகிறவர்கள், மின்சார அலுவலகத்துக்காரர்கள். பத்து மணிக்கு டூட்டி ஏறவேண்டியவர்கள். அவர்களுக்கு வாரத்தில் இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். முன்பு இருநூறு பேர் வந்தார்கள், இப்போது அறுநூறு. அவர்களை வாசலில் நிறுத்தி, போய் வாருங்கள் என்று எப்படிச் சொல்வேன்?

சபைக் கமிட்டியிலும் பேசிப் பார்த்தேன். பொருளாளர் கேட்டார், “என்னங்க, தரைக்கு நாடி பார்க்கப் போறாங்களா?” எல்லாரும் சிரித்தார்கள். வேறு நேரம் பார்த்துக்கொள்ளம்மா.

உன் அண்ணன்


பிப்ரவரி 16

அண்ணா,

வேறு நேரம் இருந்தால் உன் வாசலுக்கு வந்திருப்பேனா? ஒன்பது இரவுகள் வந்து, உள்ளே நுழையாமல் சுவருக்கு வெளியே கம்பி ஊன்றிப் பார்த்துவிட்டேன். உன் காவலாளி எனக்கு டீ கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனார். கம்பியில் காதை வைத்தால் கான்கிரீட் லாரிதான் மண்டைக்குள் ஓடுகிறது.

பஸ் டிரைவர், ஆயா என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய். மேட்டில் இருக்கிற ஆயாக்களுக்குத் தண்ணீர் வேண்டாமா? போன வாரம் அந்த மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பிறந்து அரை மணி நேரமான குழந்தையைத் துடைக்கத் தண்ணீர் இல்லாமல் ஒரு நர்சு வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினாள். இதை உன் கமிட்டியில் சொல். சிரிக்கிறார்களா பார்ப்போம்.

நேரத்தை விட்டுக்கொடுப்பது உனக்கு வராது, எனக்குத் தெரியும். அம்மாவின் அடக்கத்தில் எனக்காக நாற்பது நிமிஷம் காத்திருக்க முடியாதவன், ஊருக்காக ஒரு மணி நேரம் கொடுப்பாய் என்று நான் எதிர்பார்த்ததுதான் தப்பு.

தங்கை


பிப்ரவரி 24

அன்புள்ள கட்டெறும்புக்கு,

நறுக்கென்று கடித்துவிட்டாய். ஒரு வாரம் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நேற்று ஆராதனை முடிந்ததும் யாரிடமும் கேட்காமல் உன் கடிதத்தின் நடுப்பகுதியைச் சபையில் படித்தேன். வாளி, நாலு மாடி, அரை மணி நேரக் குழந்தை. கடைசிப் பகுதியைப் படிக்கவில்லை. அது எனக்கு மட்டும். படித்துவிட்டுச் சொன்னேன், ஆராதனையை நிறுத்தமாட்டேன், ஆனால் சத்தத்தை நிறுத்தப்போகிறேன் என்று. வருகிற ஞாயிறு எல்லாரும் வரலாம், உட்காரலாம், மனதுக்குள் ஜெபிக்கலாம். பாட்டு கிடையாது, பிரசங்கம் கிடையாது, ஒரு மணி நேரம் யாரும் மூச்சு விடுகிற சத்தத்துக்கு மேல் ஒன்றும் செய்யக்கூடாது.

பாடகர் குழுத் தலைவி ஆறு வாரமாகப் புதுப் பாட்டு பழக்கியிருந்தாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பொருளாளர்தான் ஆச்சரியம். அவருடைய மகள் மேட்டில்தான் குடியிருக்கிறாளாம், எட்டு மாதக் கர்ப்பிணி. எனக்கே நேற்றுதான் தெரியும். செல்போன்களை வாசலில் கூடையில் வாங்கி வைக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

மணி அடிக்காது, மின்விசிறி ஓடாது. கைக்குழந்தைகளுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தரமுடியாது.

அண்ணன்


மார்ச் 3

அண்ணா,

நேற்று நீ பார்த்தது தரையில் கவிழ்ந்து கிடந்த என் முதுகை. நான் கேட்டதை உனக்குச் சொல்லவேண்டும்.

வாசலில் அத்தனை பேரைப் பார்த்ததும் பாதி நம்பிக்கை போய்விட்டது. அறுநூறு பேரை வைத்துக்கொண்டு அமைதியாவது, மண்ணாவது என்றுதான் நினைத்தேன். ஆனால் எட்டு மணிக்கு நீ கையை உயர்த்தினாய். அடங்கிப்போனார்கள். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் இந்த நகரத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. தெற்குச் சுவரிலிருந்து தொடங்கி அடி அடியாகக் கம்பியை ஊன்றி வந்தேன். குழாய் போகிற தடம் தெரிந்தது. உடைப்பு மட்டும் தெரியவில்லை. உடைப்புச் சத்தம் மெல்லிய இரைச்சல், நீ பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்பாயே, அது மாதிரி. அது வரவேண்டிய இடத்திலெல்லாம் எனக்குக் கேட்டது கிறீச், கிறீச். உன் பெஞ்சுகள், அண்ணா. அறுபது வருஷ மர பெஞ்சுகள். ஒருவர் இடுப்பை நகர்த்தினால் வரிசையே முனகுகிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எத்தனை நேரம்தான் சிலை மாதிரி உட்காருவார்கள்?

எட்டு நாற்பதுக்கு பீடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தேன். தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. அதைச் சொல்லத்தான் உன்னைக் கையசைத்துக் கூப்பிட்டேன். நீ வந்தாய். நான் முணுமுணுத்தது கேட்கவில்லை என்று அங்கியோடு பக்கத்தில் முழங்காலிட்டுக் குனிந்தாய். அவ்வளவுதான். போதகர் முழங்காலிட்டுவிட்டார், இது ஜெபிக்கிற நேரம் என்று நினைத்து, அறுநூறு பேரும் பெஞ்சைவிட்டு இறங்கித் தொம்மென்று முழங்காலில் விழுந்தார்கள். தரை அதிர்ந்தது. கம்பி என் காதில் அறைந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்ததை நீ மட்டும்தான் கேட்டாய். பெரிய மனசு பண்ணி மறந்துவிடு.

அப்புறம்தான் அது நடந்தது. அதிர்வு அடங்கியது. பெஞ்சுகளில் ஒருவரும் இல்லை. கிறீச் நின்றுபோனது. கல் தரையில் முழங்கால் சத்தம் போடாது. நான் சும்மாதான் மறுபடி காதை வைத்தேன். கேட்டது அண்ணா. எனக்குக் கீழே, ஐந்தடி ஆழத்தில், தெளிவாக. ஊரே வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, கால்களுக்கு அடியில் அத்தனை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பியை உன் காதில் வைத்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயசில்கூட உன்னை அப்படி வாய் பிளந்து பார்த்ததில்லை.

நாளைக்கு ஆட்கள் வருவார்கள். நான் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட வட்டத்தை யாரும் துடைக்காமல் பார்த்துக்கொள்.

தங்கை


மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

வட்டத்தின் நடுவில் தோண்டினார்கள். ஒரு சாண்கூடத் தப்பவில்லை. குழாயின் இணைப்பு என் கை நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. டூட்டிக்குப் போகிற வழியில் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பஸ் டிரைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். பாடகர் குழுத் தலைவிகூட வந்தாள். இதற்குமேல் என்ன பாடுவது என்று கேட்டாள்.

முப்பது வருஷமாக ஜெபம் நடத்துகிறேன். நான் பேசாமல் இருந்த அந்த ஒரு மணி நேரம் மாதிரி ஒன்று எனக்கு வாய்த்ததே இல்லை. அறுநூறு பேர் மூச்சு விடுவது கேட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை விழித்துப் பார்த்து, யாருமே பேசவில்லையே என்று அதுவும் பேசாமல் இருந்தது. பயமாகக்கூட இருந்தது. நல்ல பயம்.

உன் வட்டம் விழுந்த இடம் எது என்று உனக்குத் தெரியாது. சவப்பெட்டியை வைக்கிற இடம் அது. அம்மாவை அங்கேதான் வைத்திருந்தோம். தோண்டி முடிகிற வரைக்கும் என்னால் அந்தப் பக்கம் போய் நிற்க முடியவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு உன் செய்தி எனக்கு வரவில்லை என்று சொன்னேன். வந்தது. நீ உடைந்த குழாயை மூடப் போராடிக்கொண்டிருக்கிறாய், நாற்பது நிமிஷத்தில் வந்துவிடுவாய் என்று குழாய் வால்வைத் திறந்து மூடுகிற உன் ஆள் ஓடிவந்து சொன்னார். உன் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ வந்துடட்டுங்க” என்றாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி, பெட்டியை மூடவைத்து அடக்க ஆராதனையை ஆரம்பித்தேன். நேரம் காரணமில்லை. அம்மா படுத்திருந்த மாதங்களிலெல்லாம் நீ வேலை வேலை என்று ஓடினாய், நான்தான் பக்கத்தில் இருந்தேன். இன்றைக்காவது இவளுக்கு உறைக்கட்டும் என்று நினைத்தேன். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நினைத்தேன். பிறகு பொய்யும் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது ஒரு வரி வரவில்லை. என்னை மன்னித்துவிடம்மா.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். என் வீட்டுக்காரர்தான் பிடுங்கி வைத்தார். இத்தனை வருஷம் உன்னைப் பிடிவாதக்காரன் என்று திட்டினேனே தவிர, பொய்யன் என்று நினைத்ததில்லை. அம்மா முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. அதை உன்னால் திருப்பித் தரமுடியாது. பத்து நாள் உன் பேரைக்கூட வீட்டில் எடுக்கவிடவில்லை. உனக்குப் பதிலே எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.

நேற்று மேட்டுக்குத் தண்ணீர் திறந்துவிட்டோம். நான் மருத்துவமனையின் நாலாவது மாடியில் போய் நின்றேன். முதலில் குழாய் இருமியது. பிறகு துரு நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு வந்தது. வாளி தூக்கின அதே நர்சு கையை நீட்டினாள். முழங்கை வரைக்கும் கழுவினாள். கழுவி முடித்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை. அப்படியே தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் பிள்ளை பெற்ற ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மேடு முழுக்க, வீடு வீடாக, ஆட்கள் வாசல் குழாய்க்கு முன்னால் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

இதை யாரிடமாவது உடனே சொல்லவேண்டும் போலிருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். என் விரல் உன் நம்பரைப் போட்டுவிட்டது. வீட்டுக்காரரையல்ல, பெரியதிகாரியையல்ல, உன்னை. மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே, போகவில்லை. ஆனால் அதைப் பார்த்ததும் என் மனசு ஓடின இடம் நீதான். மன்னிப்பு என்பது இதுதானா, இல்லை இதற்கு வேறு ஏதாவது பேர் இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. அது உன் படிப்பு. நீதான் சொல்லவேண்டும்.

தங்கை