ஒற்றைச்செவியனின் ஏழாம் பாகத்தை அலமாரியிலிருந்து விடுவிக்கக் கோருதல்

அனுப்புநர்:
நூலக உறுப்பினர் எண் 87,
பூட்டு பழுது பார்ப்பவர்,
கிளை நூலகத்துக்கு எதிர்வரிசை, கதவில் பெரிய சாவி வரைந்த கடை.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
நூலகத் துறை.

(இம்மனு கிளை நூலகர் வழியாக அனுப்பப்படவில்லை. காரணம் படிக்கும்போது தங்களுக்கே விளங்கும்.)

பொருள்: “ஏழு வாயில் நகரம்” என்னும் தொடர் நாவலின் ஏழாம் பாகம் இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டது – இம்மாதம் 14ஆம் தேதிக்குள் வெளியே விடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நூலக அறிவிப்புப் பலகையில் 8ஆம் தேதி மாலை ஒட்டப்பட்ட தாள்.
2. மேற்படி நாவல், நான்காம் பாகம், பக்கம் 388.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன். சொல்லில் சூடு இருந்தால் அது தங்கள் மீது அல்ல என்று முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் இருபத்தொன்பது ஆண்டுகளாகப் பூட்டுத் தொழில் செய்து வருகிறேன். மேற்படி கிளை நூலகத்தின் வாசல் பூட்டு, ஜன்னல் கொக்கிகள், கழிப்பறைத் தாழ்ப்பாள், இரும்பு அலமாரி எல்லாம் என் கை பட்டவை. எடுத்த நூலை ஒரு நாள்கூடத் தாமதமாகத் திருப்பியவன் அல்ல. பக்கத்தின் மூலையைக் காதுபோல் மடிக்கும் பழக்கமும் எனக்குக் கிடையாது.

2. மேற்படி நாவலைத் தாங்கள் படித்திருக்க நேரம் இருந்திராது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒற்றைச்செவியன் என்பவன் கூலிக்குக் கொலை செய்பவன். ஒரு காது இல்லை, மனசாட்சி பாதி இருக்கிறது. ஏழு வாயில்கள் கொண்ட ஒரு மாய நகரத்துக்குள் பாகத்துக்கு ஒரு வாயிலாக நுழைகிறான், பாகத்துக்கு ஒருவரையாவது தீர்த்துக்கட்டுகிறான், பிறகு மழையில் உட்கார்ந்து வருந்துகிறான். இவனைத்தான் எங்கள் பகுதியில் பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். மீதிப் பேருக்கு இவன் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. நான் மீதிப் பேரைச் சேர்ந்தவன். தொழில்முறையிலும் எனக்கு ஆட்சேபம் உண்டு. மூன்று தாழ்ப்பாளும் குறுக்குக் கட்டையும் போட்ட கோட்டைக் கதவை ஒருவன் கொண்டை ஊசியால் திறந்தான் என்று எழுதினால், படிக்கிறவன் இளிச்சவாயன் என்றுதானே பொருள்?

3. எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நூலின் கடைசி அட்டையிலும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். படித்து முடித்தவர் தம் கருத்தைப் பென்சிலால் எழுதி, பெயர் போடாமல், உறுப்பினர் எண்ணை மட்டும் போடவேண்டும். மற்ற நூல்களில் “நன்று”, “எழுத்து பொடி” என்று இரண்டு வரியோடு தாள் வெறிச்சோடிக் கிடக்கும். இந்த நாவலுக்கோ தாளுக்கு மேல் தாள் ஒட்டி, அட்டையே மூட மறுக்கிறது. மாதிரிக்குச் சில:

“மனுஷன் எவ்வளவு தங்கமானவன்! கொலை பண்றது ஒண்ணுதான் குறை.” இது ரொட்டிக்கடைக்காரர்.

“அட்டையில் நாற்பது கொலை என்று போட்டிருக்கிறது. நான் இரண்டு முறை எண்ணினேன். நாற்பத்து மூன்று. மூன்று பேரை ஆசிரியர் மறந்துவிட்டார், அவர்களுக்கும் குடும்பம் இருக்கும்.” இது கணக்கு டீச்சர்.

“அவன் குதிரையைத் திருப்புற விதமே தப்பு. பின்னாடி யார் வர்றாங்கன்னு பாக்கவே மாட்டேங்கிறான்.” இது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வாத்தியார்.

எண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பதால், பெயர் போடக்கூடாது என்ற விதியால் யாருக்கும் பயனில்லை என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

4. உறுப்பினர் எண் 212 என் அக்கா. கூடப் பிறந்தவர். முப்பது ஆண்டு மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே கட்டடத்தில் அவர் மாடியிலும் நான் கீழேயும் குடியிருக்கிறோம். முதல் மூன்று பாகங்களையும் அவர் படித்துவிட்டு எனக்குத் தருவார், படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் மணிக்கணக்கில் ஒற்றைச்செவியனைத் திட்டுவோம். எங்களுக்கு அதைவிட நல்ல பொழுது இருந்ததில்லை.

நான்காம் பாகத்தில்தான் வினை வந்தது. நான்காம் வாயிலைக் காக்கும் கிழவர் ஒருவர், கொட்டும் மழையில் வந்த ஒற்றைச்செவியனுக்குப் பதினோரு நாள் இடம் கொடுத்து, சாப்பாடு போட்டு, காய்ச்சலுக்கு மருந்தும் கொடுக்கிறார். பன்னிரண்டாம் நாள், பக்கம் 388இல், அவரையே அவன் குத்திக் கொல்கிறான். அரசனின் ஆட்கள் கிழவரை உயிரோடு பிடித்தால் அணு அணுவாக வதைப்பார்கள், அதனால் வலிக்காமல் முடித்தான் என்பது ஆசிரியரின் சமாதானம். எனக்கு அது ஒப்பவில்லை. அந்தக் கிழவர் வாழ்நாள் முழுதும் பூட்டும் சாவியுமாக இருந்தவர். என்னையே குத்தியது போல இருந்தது, ஐயா. ஆனால் தாளில் என் அக்கா எழுதியிருந்தது இது:

“அவன் அழுதுகிட்டேதான் குத்தினான். சாகப்போறவங்க பக்கத்துல உக்காந்து பாத்தவங்களுக்குத்தான் இது புரியும். 212.”

அதன்கீழ் நான் எழுதினேன்: “அழுதா செத்தவன் எழுந்து வருவானா? அடுத்தவன் பூட்டைத் திறக்கிறவன் திருடன். அவ்வளவுதான். 87.”

இதைப் பற்றிப் படிக்கட்டில் பேச்சு வளர்ந்தது. “உனக்கு இரும்போட பழகிப் பழகி நெஞ்சும் இரும்பாயிடுச்சுடா” என்றார். “அவனுக்குப் பரிஞ்சு பேசறவங்க வீட்டுப் பூட்டை இனிமே நான் தொடமாட்டேன்” என்று நானும் வாய் விட்டுவிட்டேன். கோபத்தில் சொன்னது. யாராக இருந்தாலும் மறுநாள் மறந்திருப்பார்கள். என் அக்கா மறக்கவில்லை. அடுத்த வாரமே மாடிக் கதவுப் பூட்டு இறுகிக்கொண்டபோது, என் கடையைத் தாண்டி நடந்துபோய், வேறொரு பூட்டுக்காரரை அழைத்து வந்தார். அந்த ஆள் பூட்டுக்குள் சமையல் எண்ணெய் விட்டதை நான் கீழிருந்து என் கண்ணால் பார்த்தேன்.

5. அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஐந்தாம் பாகத் தாளில் அவர், “87க்குப் பூட்டைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. இருமலுக்கு மருந்து சாப்பிடவும் தெரியாது” என்று எழுதியிருந்தார். நான் ஆறாம் பாகத்தில், “இருமல் சரியாகிவிட்டது. 212 படிக்கட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்குவது நல்லது” என்று எழுதினேன். இவை நாவலுக்குச் சம்பந்தமில்லாத குறிப்புகள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறு இடத்தில் எழுத எங்களுக்கு இடமில்லை.

6. இம்மாதம் ஏழாம் பாகம் வந்தது. முன்பதிவில் முதலாவது என் அக்கா, இரண்டாவது நான். அவர் படித்து முடித்து 8ஆம் தேதி காலையில் திருப்பிவிட்டார். மாலை கடையை அடைத்துவிட்டு நான் போவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அன்று மதியம் வாசிப்பறையில் நான்காம் பாகத்துக் கிழவர் பற்றிய பழைய சண்டை மறுபடி மூண்டு, “குத்தியது சரி” கட்சியும் “குத்தியது தவறு” கட்சியும் மேசையின் இரு பக்கமும் வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கத்தி எந்தக் கோணத்தில் இறங்கியிருந்தால் வலித்திருக்காது என்று காட்டுவதற்காக ஓட்டுநர் பள்ளி வாத்தியார் நாளிதழ் செருகும் கம்பை உருவி வீசியிருக்கிறார். கணக்கு டீச்சர் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் இருந்த உலக உருண்டை குனியவில்லை. இப்போது அதில் ஒரு பெருங்கடல் உள்ளே போயிருக்கிறது.

நூலகர் உடனே ஏழாம் பாகத்தையும் உலக உருண்டையையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, “வாசகர்களிடையே ஒருமித்த கருத்து ஏற்படும்வரை இந்நூல் வழங்கப்படமாட்டாது” என்று தாள் ஒட்டிவிட்டார். ஐயா, இதுவரை அந்தப் பாகத்தைப் படித்தவர் என் அக்கா ஒருவரே. ஒருவர் படித்த நூலைப் பற்றி ஊருக்கே எப்படி ஒருமித்த கருத்து வரும்? நான் கேட்டதற்கு அவர், “சார், என்னைப் போட்டுப் படுத்தாதீங்க. மேலிடத்துக்கு எழுதிக் குடுங்க” என்றார். நல்ல மனிதர்தான். பாவம், உருண்டைக்கு அவர் பதில் சொல்லவேண்டும்.

7. இதில் அவசரம் என்ன என்று தாங்கள் கேட்கலாம். அக்கா மகன் 9ஆம் தேதி போன் செய்தான். “மாமா, அம்மா முப்பதாம் தேதி காலைல கிளம்பி எங்களோடயே வந்துடறாங்க. உங்ககிட்ட சொன்னாங்கல்ல?” என்றான். “ம், சொன்னாங்க” என்றேன். சொல்லவில்லை. அவன் இருப்பது இரண்டு நாள் பயண தூரத்தில். மாடியில் பெட்டி கட்டும் சத்தம் கேட்கிறது. ஒட்டும் நாடாவை இழுக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்குத் திக்கென்கிறது.

ஏழாம் பாகம் 612 பக்கம். கடை நேரம் போக என்னால் ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் படிக்க முடியும். ஆகப் பதினாறு நாள். 14ஆம் தேதி கைக்கு வந்தால் 29ஆம் தேதி முடிப்பேன். ஒரு நாள் தவறினாலும் அக்கா போன பிறகுதான் முடிப்பேன். முடிக்காமலே அக்காவிடம் ஏன் பேசக்கூடாது என்ற கேள்விக்கு அடுத்த பத்தியில் விடை உள்ளது. அதை எழுதத்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

8. 10ஆம் தேதி, நூலகர் தேநீர் குடிக்க வெளியே போயிருந்தபோது, நான் அந்த அலமாரியைத் திறந்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதன் பூட்டைச் சரிசெய்தவனே நான். முன்னால் நின்றதும் கை நமநமவென்றது. நாற்பது வினாடி ஆயிற்று. ஏழாம் பாகத்தை எடுத்து நேராகக் கடைசித் தாளுக்குத்தான் போனேன். அக்கா என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டால் போதும், நூல் பிறகு வரட்டும் என்று நினைத்தேன்.

தாள் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. மடித்து, விளிம்பு முழுதும் தையல் நூலால் தைக்கப்பட்டிருந்தது. புண்ணுக்குப் போடும் தையல். ஒன்பது முடிச்சு, ஒவ்வொன்றும் ஒரே அளவு. எந்தப் பூட்டுக்கும் என்னிடம் கம்பி உண்டு, அதற்கு ஒன்றும் இல்லை. மேலே பென்சிலால் எழுதியிருந்தது:

“முழுசாப் படிச்சிட்டுத்தான் பிரிக்கணும். கடைசிப் பக்கத்தை மொதல்ல புரட்டுற ஆளு யாருன்னு எனக்குத் தெரியும். உனக்குத்தான்டா சொல்றேன்.”

உறுப்பினர் எண் போடவில்லை. இரண்டு ஆண்டுகளாக 87 என்று கூப்பிட்டவர் அன்று “டா” போட்டிருந்தார். நான் நூலை உருண்டையின் பக்கத்தில் இருந்தபடியே வைத்து, பூட்டி, வெளியே வந்து கடைக்குப் போகாமல் நூலக வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்திருக்கையில் ஒன்று உறைத்தது. அடுத்தவன் பூட்டைத் திறக்கிறவன் திருடன், அவ்வளவுதான் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அது இப்போது எனக்கும் பொருந்தும். ஒற்றைச்செவியனை நான் மன்னித்துவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். கிழவரைக் கொன்றது கொன்றதுதான். ஆனால் ஒருவன் செய்யக்கூடாததைச் செய்யும்போது அவன் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது எனக்கு முன்பு தெரியாது, அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

9. ஆகவே ஏழாம் பாகத்தை 14ஆம் தேதிக்குள் எனக்கு வழங்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். தைத்த தாளை நூலகரோ, தாங்களோ, வேறு எவருமோ பிரிக்கக்கூடாது என்றும் உத்தரவிட வேண்டுகிறேன். அலமாரியைத் திறந்த குற்றத்துக்கு எந்தத் தண்டனை விதித்தாலும் ஏற்கிறேன். உறுப்பினர் அட்டையைப் பறிப்பதாக இருந்தால் மட்டும் 30ஆம் தேதிக்குப் பிறகு பறிக்கவும். உருண்டையின் பள்ளத்தை நானே தட்டி எடுத்துத் தருகிறேன். அந்த அலமாரிக்கு வேறு நல்ல பூட்டுப் போடுவதும் அவசியம். நாற்பது வினாடி என்பது எனக்கே அவமானமாக இருக்கிறது.

பணிவும் அவசரமும் கலந்து,
உறுப்பினர் எண் 87
(கையொப்பம்)

நாள்: 12ஆம் தேதி, வியாழக்கிழமை
இடம்: நூலக வாசல் பெஞ்சு

நகல்:
1. கிளை நூலகர் அவர்களுக்கு, மன்னிப்புடன்.
2. மாடி வீட்டில் உள்ள என் அக்காவுக்கு, தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும். கதவுக்கு அடியில் தள்ளப்பட்டது. பெட்டிகள் கனமாக இருக்கும், தனியாகத் தூக்கவேண்டாம். நான் கீழேதான் இருக்கிறேன், அக்கா.