சந்தா நம்முடையது, பலகை அவருடையது

அன்பு மச்சான் காதருக்கு,

நீ கண்மூடியபின் வந்த முதல் நோன்புப் பெருநாளும் கழிந்துவிட்டது. கஜா பெராங்கில் நம் விளையாட்டுக் கிளப்பை மூடிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற வருடம் கிளப் முதலாளி என்ன சொல்லி நம்மைச் சேர்த்தார்? “மாசா மாசம் சந்தா மட்டும் கட்டுங்க. கேரம், செஸ், பிங்பாங், எல்லாம் உங்களுதுதான்.” ஜாலான் பெண்டஹாரா ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்ற காலோடு நேரே அங்கே வருவாய். சொந்தமாக ஒரு கேரம் பலகை வாங்கலாமே என்றால், “எதுக்கு மச்சான்? அங்கதான் எல்லாம் இருக்கே” என்பாய்.

பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் பிங்பாங் மேசை, அடுத்து செஸ். சந்தா மட்டும் ஏறியது. நீ நெஞ்சு நோவில் படுத்த பிறகும், எழுந்து வந்து ஆடுவேன் என்று சந்தாவைக் கொடுத்தனுப்பினாய். கொஞ்சம் தேறிய அன்று உன்னைத் திரிஷா வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனேன். கேரம் பலகையை விற்றுவிட்டார்களாம். நீ அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதன்பின் நீ வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை. அதை எப்படி மறப்பேன்?

போன வாரம் முதலாளி என்னைத் தேடி வந்தார். உஜோங் பாசிரில் புதுக் கிளப்பாம், புதுச் சந்தாவாம்.

“இத்தன வருஷம் கட்டுனதுக்கு எங்களுக்கு என்னா மிச்சம்?” என்றேன்.

“விளையாடுனீங்கல்ல? அதுக்குத்தான் காசு. பலகை உங்களுதுன்னு எழுதியா குடுத்தேன்?”

“எல்லாம் உங்களுதுன்னு சொன்ன வாயா இது?” என்று நான் போட்ட கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. நாடு நம்முடையது என்று கொடி பிடித்துக் கூவினோமே மச்சான், ஆட ஒரு பலகைக்கு மட்டும் ஆயுளுக்கும் வாடகையா?

அந்தக் கோபத்திலேயே பழைய ஆட்களைச் சேர்த்து ஒரு பலகை வாங்கினேன். எங்கே வைப்பது என்று யோசித்தபோது, உன் மனைவி மரியம்தான், “நம்ம வீட்டு முன் ரூம்ல போடுங்கண்ணே” என்றது. நானும் என் மனைவியும் கொண்டுபோய் வைத்தோம். கிளப்பில்தான் பெண்கள் படியேற முடியாதே! மரியம் தயங்கித் தயங்கி, “ஒரு அடி அடிச்சுப் பாக்கட்டுமா?” என்று கேட்டது. அடித்த அடியில் சிவப்புக் காய் நேரே குழிக்குள் போனது. “எங்க கத்துக்கிட்டே?” என்றேன்.

“சாப்பிடும்போதெல்லாம் அவுக விரல சுண்டிச் சுண்டிக் காட்டுவாகண்ணே,” என்று சிரித்தது. சிரித்தபடியே அழுதது.

கேள் மச்சான், நான் இருக்கும்வரை அந்தப் பலகையை எவனும் தூக்கிப்போக முடியாது. எனக்குப் பிறகும் அது மரியத்தின் வீட்டில்தான் இருக்கும். சந்தா கேட்டு ஒருவனும் அந்த வாசலை மிதிக்க விடமாட்டேன்.

கோபம் ஆறாத உன் மச்சான்,
வேலு