வசூல்காரனுக்கு மைக் கொடுத்தேன்

ஜூலை 21, திங்கள்

ஹாரன் குழாய் நான்கையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன். ஆடி வந்துவிட்டது; இனி கோயில் கோயிலாக நம் மைக்செட்தான். காலையிலேயே கிரெடிட் கார்டு கம்பெனிப் பெண் போன். “சார், மூணு மாசமா பணம் கட்டல.” “கட்டுறேம்மா. நீ சாப்ட்டியா?” என்றேன். சிரித்துவிட்டது.

போன புயலில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறி ஆம்ப்ளிஃபையர் செத்தது. புதுசு வாங்கக் கார்டைத் தேய்த்தேன். வட்டி குட்டி போட்டு எண்பத்தெட்டாயிரம் ஆகிவிட்டது. ஏமாற்றும் எண்ணமில்லை. ஆடி வருமானம் வரட்டும்.

ஜூலை 25, வெள்ளி

பெண்ணை மாற்றிவிட்டார்கள். இப்போது ஓர் ஆண்பிள்ளை. எடுத்ததும், “யோவ், இன்னா திமிரா?” என்றான். “தம்பி, ஒனக்கு என் செட்டே வேணாம்பா. பாகூர் ஏரி வரைக்கும் கேக்குது” என்றேன். கெட்ட வார்த்தையில் திட்டினான். செங்கமலம் முறைத்தாள்: “யாராண்ட எகத்தாளம் பண்றதுன்னு இல்லியா ஒனக்கு?” கட்டின நாளிலிருந்து என் வாயைக் கண்டுதான் அவளுக்குப் பயம்.

ஜூலை 28

இன்றும் அவனே. போன் சூடேறிப் போனது, நான் ஏறவில்லை.

ஜூலை 30, புதன்

சிரிப்பு வரவில்லை. அந்தப் பாவி சோரியாங்குப்பத்துக்குப் போன் போட்டிருக்கிறான். எங்கள் மகள் புவனாவைக் கட்டப்போகும் பையனின் அப்பா வீரமணிக்கு. நம்பர் எப்படிக் கிடைத்தது? பொண்ணு வீட்டுக்காரன் திருட்டுப் பய, கடனை வச்சிட்டு ஓடப் போறான்னு சொல்லியிருக்கான். ஆவணியில் நிச்சயதார்த்தம்.

நான் போன் போட்டபோது வீரமணி இவ்வளவுதான் சொன்னார்: “ஞாயித்துக்கிழம கூழ் ஊத்துறப்ப வரேன். நேர்ல பேசிக்கலாம்.”

வேணாம்னு சொல்லத்தான் வர்றார். வேற இன்னா? புவனா பாதியில எழுந்து போயிட்டா. சோறு தட்டுல அப்படியே கெடக்கு. கடன் வாங்கினது நான்— என்னைத் திட்டுடா. அந்தப் பொண்ணு இன்னாடா பண்ணுச்சு?

ஆகஸ்ட் 3, ஞாயிறு



கோயில் வாசலில் கூழுக்கு வரிசை. வீரமணி வந்து வேப்பமரத்தடியில் கல் மாதிரி நின்றார். போன் அடித்தது. அவன்தான். “ஊரு பூரா ஒன் மானத்த வாங்குறேன் பாரு!”

ஊருக்கே சொல்வதென்றால் வீடு வீடாக எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? பாட்டை நிறுத்தினேன். போனில் ஸ்பீக்கரைப் போட்டு மைக்கோடு ஒட்டி வைத்தேன். “ஜனங்களே, நான் கண்ணையன் பேசுறேன். கார்டு கடன் எண்பத்தெட்டாயிரம் கட்டணும். நெசந்தான். வசூல் பண்ற தம்பி பேசுறாரு, கேளுங்க. பேசுப்பா.”

விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். “நக்கலாடா? ஒன் பொண்ணு கல்யாணம் எப்டி நடக்குதுன்னு பாக்குறேன்டா!”

நான்கு ஹாரனிலும் ஊர் முழுக்கக் கேட்டது. கூழ் ஊற்றிக்கொண்டிருந்த காசம்மாள் அகப்பையோடு ஓடி வந்தாள். “எவன்டா அவன்? பொம்பளப் புள்ள பேச்ச எடுக்குற? நேர்ல வாடா, மூஞ்சியில கூழ ஊத்துறேன்!” கூட்டம் ஓவென்றது.

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. “அங்க... எத்தினி பேருங்க இருக்கீங்க?”

வீரமணி வந்து மைக்கை வாங்கினார். “நான் சம்மந்தி பேசுறேன். ஒம் பேரு இன்னா, ஆபீசு பேரு இன்னா, சொல்லு.” வைத்துவிட்டான்.

சம்மந்தி! அவர் வாயாலேயே!

“கடன் இருந்தா மறைப்பாங்க. நீங்க இன்னாங்க, மைக் வச்சி சொல்றீங்க?” என்றார் என்னிடம்.

“வேற தொழில் தெரியாதுங்களே.”

அந்த மனிதர் சிரித்து இன்றுதான் பார்த்தேன். இரண்டு சொம்பு கூழ் குடித்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

நானும் செங்கமலமும் பாண்டிச்சேரியில் கார்டு கொடுத்த பேங்க்குக்கே நேரில் போனோம். சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டது தப்பு என்று மேனேஜர் லில்லி மேடம் புகார் எழுதி வாங்கிக்கொண்டார். வட்டியைக் குறைத்து மாதத் தவணை போட்டுக் கொடுத்தார். முதல் தவணையை அங்கேயே கட்டினேன்.

ஆகஸ்ட் 12

நாள் முழுக்கப் போன் அடிக்கவில்லை. கெட்டுப்போனதோ என்று செங்கமலத்தை அவள் போனிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. புவனா பந்தியில் இரண்டாவது தரம் பாயசம் கேட்டாள்.

கை கழுவும் இடத்தில் வீரமணி என்னை ஓரமாக இழுத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குசுகுசுத்தார்: “சம்மந்தி, எனக்கும் ஒரு கார்டு கீது. ஆறு மாசமா திட்றானுங்க. வூட்ல தெரியாது. நீங்க மொதல்ல பேங்க்ல யாராண்ட பேசுனீங்க?”

நாக்கு நுனி வரை ஒரு கேலி வந்தது. முழுங்கிவிட்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் பாண்டிச்சேரிக்குப் போகிறோம்.